கல் சுவருக்குள் அடித்த ஃபோன்

1

தடதடதட.

பெங்களூருவின் தொம்மலூரில் எங்கள் தெருமுனையில் குழாய் போடத் தோண்டிய பள்ளத்தின் மேல் ஓர் இரும்புக் கம்பிச் சட்டத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆட்டோ போனால் ஒரு தடதட. ஸ்கூட்டர் போனால் அதைவிட மெலிந்த தடதட. தண்ணீர் லாரி போனால் ஜன்னல் கண்ணாடிகளும் சேர்ந்து பேசும். தெருவே அந்தச் சத்தத்தைத் திட்டுகிறது. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

எனக்கு அது வேறொரு இடத்தின் சத்தம். வடக்கு இங்கிலாந்தில், மேட்டுநிலத்துக்கு ஏறும் சாலைகளின் குறுக்கே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள், ஆடுமாடு தாண்டி வராமல் இருக்க. கால் வைத்தால் குளம்பு சிக்கும் என்று ஆட்டுக்குத் தெரியும். விளிம்பு வரை வந்து நின்று அந்தப் பக்கத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சக்கரம் மட்டும் தாண்டும். என் சைக்கிள் அதன்மேல் ஓடும்போது கைப்பிடியிலிருந்து பல்வரிசை வரை அதிரும். அதிர்வு நின்ற நொடியில் வீடுகள் முடிந்திருக்கும், மரங்கள் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு வானம், காற்று, முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதர். ஆகஸ்டில் அந்தப் புதர் முழுக்க ஊதா நிறம். மலைக்கே யாரோ சாயம் போட்டதுபோல.

இருபது வருடமாக அங்கிருந்து இந்த இதழுக்கு எழுதி வந்திருக்கிறேன். பனியைப் பற்றி, குடியுரிமைத் தேர்வைப் பற்றி, மகளின் பள்ளியில் எங்கள் ஊர்ப் பெயரைப் படும்பாடு படுத்தியதைப் பற்றி. அப்போதெல்லாம் நினைத்து ஏங்கும் ஊர் இது, இருந்து எழுதும் ஊர் அது. இந்த முறை இரண்டும் இடம் மாறிக்கொண்டன. போன அக்டோபரில் இரண்டு வாரத்துக்கென்று வந்தேன். பத்து மாதம் ஆகிவிட்டது. இப்போது விளிம்பில் நிற்கும் ஆடு நான்தான்.

2

என் அப்பா கோலார் தங்கவயலில் முப்பத்தோரு வருடம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். சுரங்கம் மூடியதும் அம்மாவை அழைத்துக்கொண்டு தொம்மலூருக்கு வந்தார். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. நான் ஒரே பிள்ளை. பாறைத்தூசி அப்பாவின் நெஞ்சிலேயே குடியிருந்து, போன வருடம் முழு வீட்டையும் கேட்க ஆரம்பித்தது. அதனால் கட்டிலருகே ஆக்ஸிஜன் இயந்திரம். இரவும் பகலும் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அதன் குழாய் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை எட்டும், சமையலறை வரை எட்டும். வாசற்படிக்கு இரண்டடி முன்னால் நின்றுவிடும்.

"ரெண்டு அடி," என்பார் அப்பா, நாயைக் கட்டிய இடத்தில் நாய் நிற்பதுபோல நின்று. "ரெண்டே ரெண்டு அடி. அந்தக் கம்பெனிக்காரனுக்கு இன்னா கஞ்சத்தனம் பாரு."

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள மஞ்சுளா வருகிறாள். தொம்மலூரிலேயே பிறந்தவள். அவள் தமிழில் பாதி கன்னடம், மீதி கிண்டல். மாலை ஆறு மணிக்கு அவள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு காலை எட்டு வரை நானும் அந்த இயந்திரமும்தான்.

நவம்பரில், அப்பா உயிரோடிருக்கிறார் என்று ஓய்வூதியத்துக்குச் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. கைரேகை இயந்திரத்தோடு ஒருவர் வீட்டுக்கே வந்தார். அப்பா கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. ஆட்காட்டி விரல். சிவப்பு விளக்கு. பத்து விரலும் முடிந்தது. பாறையையும் இரும்பையும் பிடித்துப் பிடித்து ரேகை தேய்ந்துபோயிருந்தது.

"உசுரோட கீறவன் கைய நீட்டினா நம்ப மாட்டேங்குது," என்றார் அப்பா. "செத்தவன் கையா இருந்தா பளிச்சுனு வந்திருக்கும்."

"தாத்தா, சும்னே இரி," என்று மஞ்சுளா அதட்டினாள். வந்தவர் கடைசியில் தன் ஃபோனின் கேமராவை அப்பா முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னார். அப்பா சிமிட்டினார். பச்சை விளக்கு. அரசாங்கம் நம்பிவிட்டது.

எனக்கு அது போதவில்லை. மணிக்கொரு தரம் அவர் விரலில் கிளிப்பை மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்ப்பேன். தூங்கினால் மூச்சைப் பார்ப்பேன். ஒருநாள் கிளிப்பைக் காணோம். வீடு முழுக்கத் தேடிய பிறகு, காபிக்குச் சர்க்கரை எடுக்கப் போன மஞ்சுளா கூவினாள்: "அக்கா, சக்கரைக்கு ஆக்ஸிஜன் தொண்ணூத்தி எட்டு. ஒண்ணும் பயமில்ல." அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு இருமினார். நான் கிளிப்பைக் கழுவி மறுபடி அவர் விரலில் மாட்டினேன்.

இங்கேயும் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். ஜனவரியில், அடுகோடியில் ஒரு கடையில் அகல டயர் சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, விடியற்காலையில் ஹெசரகட்டா புல்வெளிக்குப் போனேன். காய்ந்த புல், செம்மண் தடம், மேலே வட்டமிடும் பருந்து. அந்த வெளியில் அரைமணி நேரம் என் உடம்பு என்னுடையதாக இருந்தது. வீடு திரும்பியபோது அப்பா குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். மஞ்சுளா வரும் நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். இருபது நிமிடம் பிசகிவிட்டது. இடுப்பில் அடி, எலும்பு தப்பியது. "உன்னத் தேடினு வந்தேன்," என்றார் அவர். மறுநாளே சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு வெளி என்று இருந்தது ஒரு நீலப் புள்ளி மட்டும்தான்.

3

அந்தப் புள்ளி என் மகள் ரூத். பதினெட்டு வயது. அவளுடைய அப்பாவும் நானும் பிரிந்து பல வருடமாயிற்று; அவர் இரண்டு மணி நேரத் தொலைவில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். ரூத் எங்கள் சின்ன வீட்டில் இப்போது தனியாக இருக்கிறாள். அடுத்த வீட்டு மார்கரெட், எழுபதைத் தாண்டியவர், அவ்வப்போது எட்டிப் பார்க்கிறார். கிளம்பும் முன் ரூத்தின் ஃபோனில் ஓர் ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன்: அவள் எங்கே இருக்கிறாள் என்பது என் ஃபோனின் வரைபடத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். புள்ளி சிமிட்டும். அப்பாவிடம் அரசாங்கம் கேட்ட சிமிட்டலைப் போலவே.

முதல் மாதங்களில் அவள் தினமும் பேசினாள். பிறகு வாரத்துக்கு மூன்று நாள். பிறகு செய்திகள். பிறகு கட்டைவிரல் படம். எந்தப் பல்கலைக்கழகம் என்பதை முடிவு செய்த பிறகுதான் சொன்னாள்: கிளாஸ்கோ, செப்டம்பரில். பேச்சு குறையக் குறைய நான் புள்ளியை அதிகம் பார்த்தேன். அவள் என் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் புள்ளி ஒன்றைத்தான் நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வாரக்கடைசியில் மட்டும் அது அழகாக ஓடும். என் சைக்கிளை அவள் ஓட்டுகிறாள். ஜல்லிப் பாதைக்கென்று செய்த சைக்கிள், இரண்டு விரல் அகல டயர். சீட் தண்டில் என் உயரத்துக்கு ஒரு சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தேன். பிப்ரவரியில் அனுப்பிய படத்தில் சீட் அந்த டேப்புக்கு மேலே நாலு விரல் ஏறியிருந்தது.

அவள் ஓட்டும் சுற்றுப்பாதை எங்கள் இருவருடையது. நான் கவுன்சிலில் பாதைகள் பிரிவில் வேலை பார்த்தவள். எந்தப் பாதையில் குதிரையும் சைக்கிளும் போகலாம், எதில் கால்நடையாக மட்டும் போகலாம் என்று வரைபடத்தைக் காப்பது என் வேலை. (விடுப்பு ஜூனில் முடிந்தது. என் நாற்காலியில் இப்போது வேறொருவர்.) எங்கள் வீட்டிலிருந்து கால்வாய்க்கரை வழியாக மூன்று மைல். பிறகு செங்குத்தான ஒரு சந்து, இரண்டு பக்கமும் சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர். சந்தின் உச்சியில் ஒரு மரக் கேட். அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால்தான் மேலே ஜல்லியில் பிடிக்கும். நின்று ஃபோன் பேச ஏற்ற இடமும் அதுதான். காற்று இறக்கி, பிஸ்கட் தின்று, கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு போனால் மேட்டுநிலம். துப்பாக்கி வேட்டைக்காரர்கள் போட்ட வெள்ளை ஜல்லிப் பாதை, இரு பக்கமும் பாசியும் புல்லும் மட்கிக் கறுத்த ஈர மண், எங்கோ வளைந்த அலகுள்ள ஒரு பறவையின் குமிழ் குமிழான குரல். உச்சியில் ஒரு கல்தூண். அங்கிருந்து பாதை கீழே விழும். ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒரு கதவைப்போலத் திறக்கும். கீழே ஆற்றைத் தாண்ட வரிசையாகக் கற்கள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்கல்லாகக் கால் வைக்க வேண்டும். பிறகு காடு, காட்டுப்பூண்டு வாசனை, வீடு.

இந்த மேட்டுநிலப் பித்து எனக்கு அங்கே வந்ததல்ல. தங்கவயலில் சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த சயனைடு மேடுகள்மேல் பத்து வயதில் வாடகை சைக்கிள் ஓட்டியவள் நான். சாம்பல் நிறம், ஒரு செடி இல்லை, மழை அறுத்த ஓடைகள். முட்டி சிராய்த்தால் வீட்டில் அடி விழும். முதன்முதலில் இங்கிலாந்தில் அந்த மேட்டுக்கு ஏறியபோது, யாரோ எங்கள் சயனைடு மேட்டுக்குப் புல் நட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

ரூத்துக்குத் தமிழ் நான் கற்றுக் கொடுத்ததல்ல. நான் திருத்தித் திருத்தி அவளைப் பேசவிடாமல் செய்துவிட்டேன். கற்றது தாத்தாவிடம், ஞாயிறுகளில் ஃபோனில். அதனால் மழை ஓயாத இங்கிலாந்தில் வளர்ந்த அந்தப் பெண் தங்கவயல் தொழிலாளர் லைன் வீட்டுத் தமிழ் பேசுகிறாள்.

"இன்னா தாத்தா, துன்னியா?"

"துன்னேன் கண்ணு. நீ?"

"இல்ல. அரிசி கீது. ஆக்கத் தெரியல."

அந்தக் குரல் கேட்டால் அப்பா கிளிப்பைக் கழற்றச் சொல்லிக் கேட்கவே மாட்டார். எண் தானாக இரண்டு ஏறும்.

4

அந்தச் சனிக்கிழமை. அங்கே காலை, இங்கே மதியம் கடந்திருந்தது. தூறல். "கிளம்பிட்டேன்" என்று ஒரு வரி வந்திருந்தது. நான் பருப்பு வேகும் அடுப்பருகே ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தேன். புள்ளி கால்வாய்க்கரையில் ஓடியது. சந்தில் வேகம் குறைந்தது. மூச்சு வாங்குகிறாள், நானும் இங்கே வாங்கினேன். மூன்று மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் கேட்டருகே நின்றது.

காற்று இறக்குகிறாள். பிஸ்கட். பத்து நிமிடம். இருபது. நாற்பது.

நாலு மணிக்கு அழைத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி.

"பஞ்சர் ஆகியிருக்கும்க்கா," என்றாள் மஞ்சுளா.

"பஞ்சர்னா ஃபோனை எடுக்க மாட்டாளா?"

"கையெல்லாம் கிரீஸு இருந்தா?"

அப்பா கட்டிலிலிருந்து கேட்டார்: "எத்தினி மணிக்கு வரேன்னு சொன்னா?"

"சொல்லலை."

"அப்ப இன்னும் டைம் ஆவல."

"சொல்லவே இல்லைன்றேன், என்ன டைம்?"

"சொல்லாதவளுக்கு எப்பிடி டைம் ஆவும்? புள்ளய வுடு."

என்னால் விட முடியவில்லை. ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கினால் எப்படி விழுவார்கள் என்று எனக்குத் தெரியும். தோள்தான் முதலில் தரையைத் தொடும். சந்தில் அறுவடைக் காலத்தில் டிராக்டர் வரும். கேட்டருகே யாராவது வண்டியை நிறுத்தி வைத்திருந்தால்? ஐயாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு ஒரு கேட்டை நான் அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டருகே கிடப்பவளை மட்டும் பார்க்க முடியவில்லை.

மார்கரெட்டைக் கூப்பிட்டேன். "காரை எடுக்கிறேன்," என்றார், ஏன் என்று கேட்காமல். பிறகு காவல்துறை. அங்கே அவசரத்துக்கு அழைக்கும் மூன்று இலக்க எண் இங்கிருந்து வேலை செய்யாது. நீள எண் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். இசை ஓடியது. கடைசியில் ஒரு பெண் குரல், நிதானமாக.

"நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?"

"பெங்களூரு."

"அங்கிருந்து மகள் இருக்கும் இடம் எவ்வளவு தூரம்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கேட்டின் வரைபட எண் எனக்கு மனப்பாடம். ஒப்பித்தேன். பதற்றத்தில் கடைசி இரண்டு இலக்கங்கள் தமிழில் வந்துவிட்டன. மறுமுனை பொறுமையாக, "மறுபடி சொல்லுங்கள்," என்றது. சொன்னேன். பள்ளத்தாக்கில் ஆறு இருக்கிறது என்றேன். இரண்டு நாளாக அங்கே மழை என்றேன். அவள் தனியாக இருக்கிறாள் என்றேன். மலை மீட்புத் தொண்டர்களை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

ஐந்தரை மணி சுமாருக்கு மார்கரெட் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்து அப்பாவின் ஃபோனுக்கு அழைத்தார். "இங்கே யாருமே இல்லை ஸ்டெல்லா. சைக்கிளும் இல்லை. டயர் தடம் மட்டும் இருக்கிறது. அவள் ஃபோனுக்கு அடி, பார்க்கலாம்."

இடது காதில் அப்பாவின் ஃபோன், வலது கையில் என்னுடையது. அடித்தேன்.

இடது காதில், காற்றுக்கும் ஆட்டுக் கத்தலுக்கும் நடுவே, ஒரு வாத்து கத்தியது. குவாக், குவாக், குவாக். எங்கோ அடைபட்ட வாத்து. நான் அழைத்தால் ஒலிக்க அவள் வைத்திருந்த சத்தம் அது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"சுவருக்குள் இருந்து வருகிறது," என்றார் மார்கரெட்.

அவர் கல் நகர்த்தும் சத்தம் கேட்டது. கேட்டிலிருந்து நாலு கை தள்ளி, சுவரில் ஒரு பொந்து. உள்ளே பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஃபோன், பையோடு ஒரு பிஸ்கட் பொட்டலம், மழை படாமல் வாய்க்கு ஒரு தட்டைக்கல்.

அது விழுந்த ஃபோன் இல்லை. தொலைந்த ஃபோனும் இல்லை. பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். புள்ளியைக் கேட்டருகே உட்கார வைத்துவிட்டு, அவள் எழுந்து போயிருக்கிறாள்.

நான் சொல்லித் தொண்டர்களை நிறுத்த முடியவில்லை. ஆள் கண்ணில் படும்வரை தேடுவது அவர்கள் வழக்கம். சனிக்கிழமை வேலையைப் போட்டுவிட்டு எட்டுப் பேர், ஒரு நாய். ஆறேகாலுக்கு, பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, கல்தூணைத் தாண்டி, முகமெல்லாம் சேறாகக் கேட்டை நோக்கி வந்த ரூத்தைச் சிவப்புச் சட்டைக்காரர்கள் எட்டுப் பேரும் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தாராம். இன்னொருவர், "நல்ல இறக்கம், இல்லையா?" என்று கேட்டாராம். யாரும் திட்டவில்லை என்று மார்கரெட் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்கும்.

மார்கரெட் ஃபோனை அவளிடம் கொடுத்தார். சுற்றி நிற்பவர்களுக்குப் புரியக் கூடாதென்று அவள் தமிழில் பேசினாள்.

"இன்னாம்மா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் மார்கரெட்டின் கைக்குத் திரும்பியிருந்தது.

5

நாலு நாள் பேசவில்லை. புள்ளி வீட்டிலேயே இருந்தது. சைக்கிள் வெளியே போனதா என்று எனக்குத் தெரியாது. போயிருந்தாலும் ஃபோன் போகவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கம்மா மாரியே பண்ணிட்டே."

"அம்மா என்ன பண்ணா?"

"உனக்குத் தெரியாது. நீ அப்ப கைப்புள்ள."

தங்கவயல் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும்வரை சுரங்கத்தில் இறங்கியவனைப் பற்றி வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. பானை அதிர்ந்து பூமிக்குள் பாறை வெடித்தால் மட்டும் எல்லோரும் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் பார்க்கவும் மாட்டார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் இருப்பவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். எனக்கு இவ்வளவு தெரியும். மீதியை அப்பா சொன்னார்.

"ஒருநாள் உங்கம்மாவுக்கு ஏதோ கெட்ட கனா. நேரா ஷாஃப்டுக்கு வந்துட்டா, இடுப்புல நீ. புள்ளைக்குச் சீரியஸு, எம் புருசன மேல அனுப்புன்னு ஒரே அழுவ. கீழ ஆறாயிரம் அடியில நான். மணி அடிச்சு, கூண்ட நிறுத்தி, ஷிப்டு பாதியில என்ன மட்டும் மேல இட்டுனு வந்தாங்கோ. வந்து பாத்தா நீ முறுக்கு துன்னுகினு கீறே."

மஞ்சுளா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ! அப்புறம் ஏனாயித்து தாத்தா?"

"இன்னா ஆவும்? ஒண்ணும் ஆவல. கீழ வெடிச்சுதா? இல்ல. எவனாவது செத்தானா? இல்ல. செத்திருந்தா அவள சாமின்னு கும்பிட்டிருப்பாங்கோ." இருமல் வந்தது. காத்திருந்தேன். "ரெண்டு வருசம் கேலி பண்ணானுங்கோ. கூண்டுல ஏறும்போதெல்லாம், 'அந்தோணி, முறுக்கு ரெடியான்னு கேட்டுக்கடா' ம்பான். ஆறு மாசம் உங்கம்மாகிட்ட நான் சரியாப் பேசல."

"பயந்துட்டா பாவம்."

"பயம் எனக்கு இல்லியா? கீழ இருந்தவன் நான்." அவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளினார். "பயந்தா உக்காந்து பயப்படணும். கீறவன் கழுத்துல கவுறு கட்டி இழுக்கக் கூடாது."

"அம்மாவை எப்ப மன்னிச்சே?"

"எங்க மன்னிச்சேன்? மறந்துட்டேன். இப்ப நீ ஞாபகப்படுத்திட்டே."

கிண்ணத்தைக் கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். இங்கே ஓர் அறைக்குள் நான் அடைபட்டிருக்கிறேன் என்று பத்து மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தோழிகளிடம், மஞ்சுளாவிடம், இந்த இதழின் ஆசிரியரிடம். அது பொய்யில்லை. ஆனால் அதே அறையில் உட்கார்ந்துகொண்டு இன்னும் இரண்டு பேரை நான் அடைத்து வைத்திருந்தேன். ஒருவருக்கு விரலில், ஒருத்திக்குப் பையில்.

குழாயை மூடிவிட்டு வந்து, மணி ஆகிவிட்டதென்று மறுபடி அப்பாவின் விரலைப் பிடித்தேன். அவர் நீட்டினார். தெரிந்துகொண்ட பிறகும் கை அதைத்தான் செய்கிறது.

6

ஐந்தாம் நாள் ரூத் அழைத்தாள். முதலில் தாத்தாவோடு பேசினாள். அவர் சிரித்தார், அவள் சிரித்தாள். பிறகு ஃபோன் என் கைக்கு வந்தது. சிரிப்பு நின்றது.

"அந்த ஆளுங்ககிட்ட மன்னிப்பு கேட்டு லெட்டர் எழுதிட்டேன்," என்றாள். "உன்கிட்ட இன்னா எழுதறதுன்னு தெரியல."

"ஏன் ரூத் அப்படிப் பண்ணே? புள்ளியை நிறுத்தணும்னா நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்தினா உனக்கு மெசேஜ் வரும். 'ரூத் நிறுத்திட்டா'ன்னு. நீ அழுவே. அதான் கேட்டாண்ட வச்சிட்டுப் போனேன். அங்க எப்பவும் நிப்போம் இல்ல, உனக்குச் சந்தேகம் வராதுன்னு."

"மூணு மணி நேரமா?"

"அரை மணிதாம்மா. மேல போய்ட்டுத் திரும்பிடலாம்னு. மேல போனா இறக்கம் கீது." பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். நான் தமிழில் சொல்கிறேன்: யாரும் பார்க்காமல் ஒரு முறை அங்கே ஓட்ட வேண்டும் என்று இருந்தது. நீ பார்த்துக்கொண்டிருந்தால் என்னால் நிற்க முடியவில்லை. நின்றால் நீ கூப்பிடுகிறாய். ஒரு பறவையைப் பார்க்க நின்றால்கூட, அம்மா பயப்படுவாளே என்று உடனே கிளம்பிவிடுகிறேன். மூத்திரம் போகக்கூட அவசரமாகப் போகிறேன்.

கடைசி வரிக்கு இருவருக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு போதுமான நேரம் நீடிக்கவில்லை.

"அடுத்த வியாழன் கிளம்பறேன்," என்றாள், திரும்பத் தமிழில். "நாலு நாள். நம்ம மேடு, அப்பறம் அடுத்த பள்ளத்தாக்கு, அப்பறம் ஆத்த ஒட்டினு கடல் வரைக்கும். கூடாரம் எடுத்துனு போறேன். ஃபோன் எடுத்துனு போவேன். புள்ளி இருக்காது."

"கேக்கிறியா, சொல்றியா?"

"சொல்றேன்."

அவளுக்கு என் மூச்சு கேட்டிருக்கும், பின்னால் இயந்திரத்தின் மூச்சும். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் பேசினேன்: பாதையின் மொழியில். ஆற்றைத் தாண்டும் இடத்தில் நாலாவது கல் வழுக்கும், சைக்கிளை நீரோட்டத்தின் பக்கம் பிடிக்காதே, இடது தோளில் போட்டுக்கொள் என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, அந்தக் கல்லு இல்ல இப்ப."

"என்ன?"

"ஜனவரி வெள்ளத்துல மூணு கல்லு பூட்ச்சு. அரை மைல் மேல மரப்பாலம் போட்டுக்கீறாங்கோ. நான் அதுலதான் போறேன், எப்பவும்."

எப்பவும். கவுன்சிலில் அந்த ஆற்றின் ஒவ்வொரு கடவையையும் கோடு போட்டு வைத்திருந்தவள் நான். புள்ளியை வாரா வாரம் கண்கொட்டாமல் பார்த்தவளும் நான்தான். அது ஆற்றை அரை மைல் தள்ளித் தாண்டியதை நான் கவனிக்கவே இல்லை. அது நகர்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"பாலம் நல்லாயிருக்கா?" என்று கேட்டேன்.

"புதுசா கீது. மர வாசனை வருது."

"சரி."

"சரின்னா?"

"நிறுத்திடு ரூத். இப்பவே நிறுத்து, நான் லைன்ல இருக்கேன்."

அவள் திரையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு என் ஃபோனில் ஒரு துடிப்பு. செய்தி வந்தது, அவள் சொன்ன மாதிரியே. திறந்து பார்த்தேன். வரைபடம் இருந்தது, கால்வாய் இருந்தது, சந்து, கேட், மேட்டுநிலத்தின் வெற்றுப் பழுப்பு, எல்லாம் அப்படியே இருந்தன. அவள் மட்டும் எங்கேயும் இல்லை.

"அழுவறியா?"

"இல்லை."

"பொய்யி."

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்க வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு வேறொன்றைக் கேட்டேன்.

"மழை வந்தா?"

"நனைவேன்மா."